துரை கிட்டங்கியில் ஒட்டிய கண்ணாடி

நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரைதான் படித்தவன். அந்த எட்டாவதிலும் வாத்தியார் கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும் எழுந்து நிற்கக் கூசி உட்கார்ந்தே இருந்தவன். பம்பாயில் பழைய கட்டடங்களுக்கு முட்டுக் கொடுத்துப் பழுதுபார்க்கும் வேலையில் காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது செம்பூரில் ஓர் அறையில் ஓய்ந்திருக்கிறேன். அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன ஞாயிற்றுக்கிழமை வந்து, "கூட்டத்துல வந்து பேசுங்க" என்றீர்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்ப எழுதியாவது குடுங்க" என்றீர்கள். தலையை ஆட்டிவிட்டேன். பேசாமல் தப்பிக்க வேறு வழி தெரியவில்லை.

தேக்குக் கட்டையை எந்தச் சாய்வில் நிறுத்துவது, சுண்ணாம்பை எவ்வளவு ஊற வைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் கை வலித்தால் தானாக வரும். கட்டடத்துக்குள் இருக்கிறவர்கள்தான் கஷ்டம். பழைய கட்டடத்தில் வாழ்கிறவர்கள் அதை நாம் பார்ப்பதைப் போலப் பார்ப்பதில்லை.

மாட்டுங்காவில் ஒரு மாடி வீடு. உத்தரம் தொய்ந்துபோயிருந்தது. என் ஆட்கள் அதைத் தோளில் ஏந்தித் தூக்கிவிட்டார்கள். அடியில் கட்டையைச் செருக வேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்கார மாமி குறுக்கே வந்து நின்றார்.

"சித்த இருங்கோ. ராகு காலம் முடியட்டும்."

"மாமி, அதுவரைக்கும் இந்த ஆளுங்க என்ன செய்வாங்க?"

"அவாளுக்கு மோர் தரேன்."

தந்தார். தோளில் உத்தரத்தோடு நின்றபடியே என் ஆட்கள் மோர் குடித்தார்கள். ஒருத்தன் உப்பு குறைவு என்று சொல்ல, மாமி உள்ளே போய் உப்பு எடுத்து வந்தார். ராகு காலம் முடிந்த பிறகுதான் கட்டை ஏறியது. அந்த வீடு இன்னும் நிற்கிறது. ராகு காலத்தாலா கட்டையாலா என்று மாமியிடம் கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

இது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது தாராவியில் நடந்தது.

அறுபதுகளின் நடுவில், ரேஷன் அரிசிக்கு வரிசை நீண்டுகொண்டிருந்த காலம். தாராவியில் தோல் பதனிடும் பகுதியின் ஓரமாக, சாக்கடை நாலாவை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம் ஒன்று இருந்தது. கப்பலுக்குப் போகும் தோலை எடை போட்டுச் சோதிப்பதற்காகக் கட்டியது. வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய சிங்கம். மூக்கு உடைந்துபோயிருக்கும். அதன் வாலில் துணி காயப்போடும் கயிறு கட்டியிருப்பார்கள். நம் திருநெல்வேலிச் சனங்கள் அதைத் துரை கிட்டங்கி என்பார்கள். ஊரில் சரக்கு வைக்கிற இடத்துக்குக் கிட்டங்கி என்றுதானே பெயர்.

அங்கே தோல் சோதிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி, சாயங்காலம் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்களின் ஜெபம், முகூர்த்த நாளில் கல்யாணம். எல்லாம் அந்த ஒரே கூடத்தில். இதைவிடப் பெரிய உபயோகம் மழைக்காலத்தில். நாலா பொங்கிக் குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தால், உயரமான அடித்தளத்தில் நிற்கும் கிட்டங்கி மட்டும் நனையாது. குடும்பம் குடும்பமாக அங்கே ஏறிவிடுவார்கள். தோல் கட்டுகளை எடை போடத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கியில் குழந்தைக்குத் தொட்டில் ஆடும்.

சாவி செல்லத்தாயிடம் இருந்தது. கோணிச் சாக்கு தைத்துப் பிழைக்கும் பெண். யாரும் அவளிடம் சாவியைக் கொடுக்கவில்லை. கேட்கிறவர் எவரும் இல்லாததால் அவளிடமே இருந்தது. அவள் புருஷன் இசக்கிமுத்து மேல் தோல் கட்டு சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடந்தான். அவர்களுடைய குடிசை நாலாவுக்கு மிக அருகில், பள்ளத்தில் இருந்தது. மற்றவர்கள் தண்ணீர் வந்தால் ஓடிவிடலாம். இசக்கிமுத்து ஓட முடியாது. அதனால் சித்திரை பிறந்ததுமே அவன் கட்டிலைக் கிட்டங்கிக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

"வெள்ளைக்காரன் நமக்காவா கெட்டுனான்? தோலு நனையக்கூடாதுன்னு கெட்டுனான். தோலு போச்சு. நாம இருக்கோம்" என்பாள்.

அந்தக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஓர் அரசாங்க எஞ்சினியருடையது. மராட்டிக்காரர். ஒரு சொல் சொல்லிவிட்டால் அதை மாற்றுவதை அவமானமாக நினைக்கிற மனிதர். கூரையைத் தாங்க உள்ளே தேக்குக் கட்டைகளை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். விரிசலில் கண்ணாடி ஒட்டச் சொன்னார். ஒட்டினோம்.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டுவோம். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். உடையாவிட்டால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் பார்க்கிற குழாய் மாதிரிதான். அது காய்ச்சலைச் சொல்லுமே தவிரக் காய்ச்சலைத் தணிக்காது.

சனங்கள் கூடி நின்றார்கள். எஞ்சினியர் அவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "காஞ்ச் டூட்டா தோ தோட் தேங்கே. நஹீ டூட்டா தோ ஹாத் நஹீ லகாயேங்கே."

செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "கண்ணாடி உடைஞ்சா இடிப்பாங்களாம். உடையலைன்னா கைவைக்க மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. கண்ணாடி எதற்கு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆண்டாப் ஹில் பக்கம் வேறு வேலை. அதை முடித்துவிட்டு, கொத்தனார் சுடலையையும் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். வாசலில் ஓர் ஆள் உதட்டில் விரலை வைத்து நின்றான்.

"மெதுவா நடங்க. செருப்ப கழத்திருங்க."

உள்ளே போனால், கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சோப்புப் பெட்டி கவிழ்த்திருந்தது. ஆணி அடித்தால் அதிரும் என்று, எங்கள் முட்டுக் கட்டையிலிருந்து கயிறு கட்டி அந்தப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பஞ்சு. பக்கத்தில் இரண்டு பேர் முறை வைத்துக் காவல் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வாய்ப்பாட்டை ரகசியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் தும்மல் வந்து வாசலுக்கு ஓடினார்.

சுடலை என் காதில், "என்னண்ணே, யாருக்காச்சும் பிரசவமா?" என்றான்.

முந்தின முகூர்த்தத்தில் நடந்த கல்யாணத்தைப் பற்றி அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். தவில் சத்தத்துக்குக் கண்ணாடி உடைந்துவிடும் என்று, மேளக்காரர்களை நாலாவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். கெட்டிமேளம் வேண்டும்போது வாசலில் நிற்பவன் துண்டை வீச வேண்டும். அவன் முகத்தில் ஈ உட்கார்ந்தது. துண்டால் விரட்டினான். அந்தப் பக்கம் மேளம் பிளந்துகட்டியது. தாலி இன்னும் தட்டில் இருந்தது. ஐயர் சங்கற்பத்தில் இருந்தார். எல்லோரும் அரிசியைப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் அவசர அவசரமாகத் தாலியைக் கட்டிவிட்டான்.

"பெறவு மந்திரத்த சொல்லி முடிச்சாரு. என்ன இப்ப? கண்ணாடி உடையலல்லா?" என்றாள் செல்லத்தாய்.

தேவசகாயம் என்று பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அங்கே பெரிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை நடத்துகிறவர். இப்போது பாட்டுகளைக்கூட முணுமுணுப்பாகத்தான் பாடுகிறார்களாம்.

"ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும், அண்ணாச்சி. இந்தக் கண்ணாடிக்குத்தான் நெஞ்சு பலம் கெடையாது" என்றார்.

அப்போதாவது நான் உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கத்தான் ஆரம்பித்தேன். பத்துப் பேர் வாயைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை சுருங்கிவிட்டது. "இது மெல்லிசுக் கண்ணாடிதான். ஒரு பூனை தாவினாக்கூட உடையும். அப்படி உடைஞ்சா வேற ஒட்டிக்கலாம். ரொம்ப அலட்டிக்காதீங்க" என்றேன். அவர்களைச் சமாதானப்படுத்தவே சொன்னேன். அவர்கள் மனத்தில் தங்கியது பூனை மட்டும்.

அடுத்த முறை போனபோது சோப்புப் பெட்டி இல்லை. காவல் இல்லை. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. சுவரைப் பார்த்தேன். சுடலையும் பார்த்தான்.

கப்பல் உடைக்கிற தாருகானாவிலிருந்து தேவசகாயம் ஒரு கப்பல் ஜன்னல் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். வட்டமாக, என் கட்டைவிரல் கனத்துக்கு, சுற்றிலும் பித்தளை வளையத்தோடு. எங்கள் சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்து, சுற்றிலும் சிமெண்டை அப்பியிருந்தார்கள். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. சுவருக்குக் கண் முளைத்த மாதிரி இருந்தது. கீழே ஒரு சாமந்திச் சரம்.

"கடலே மோதி உடைக்க முடியாத கண்ணாடி, அண்ணாச்சி. இனி பூன இல்ல, யானையே தாவட்டும்" என்றார் தேவசகாயம்.

"இந்தச் சிமெண்டுக்கு ஒரு சுவரையே எழுப்பியிருக்கலாமே வேய்" என்றான் சுடலை.

எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். செல்லத்தாய் கண்ணாடிக்கு முன்னால் வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அதைத் தாண்டிப் போகிற ஆள் நான் இல்லை. வெளியே வந்தால் எஞ்சினியரின் ஜீப் ரோட்டில் நின்றது. அவர் இறங்கவில்லை.

"காஞ்ச்?" என்று கேட்டார்.

"நஹீ டூட்டா, சாப்."

"பஹுத் அச்சா" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

துரை கிட்டங்கி பலமாக இருக்கிறது என்ற செய்தி அப்படித்தான் கிளம்பியது. அது இன்னோர் இலாகா அதிகாரியின் காதில் விழுந்தது. அவரை நாங்கள் ஸ்டோர் சாப் என்று சொல்வோம். உடைந்துபோன அலுவலக நாற்காலிகளை ஏலம் விடும்வரை நனையாமல் வைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. வந்து பார்த்தார். கல்லைத் தட்டினார். சிங்கத்தை மெச்சினார். "வெள்ளைக்காரன் வேலை! இதை இப்படி வீணாக்கி வைத்திருக்கிறீர்களே" என்று இந்தியில் வருத்தப்பட்டார். மழைக்கு முன்னால் நாற்காலிகளைக் கொண்டுவந்து பூட்டுப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் கட்டிலில் கிடந்த இசக்கிமுத்துவை அவர் பார்க்கவே இல்லை. அவன் வணக்கம் வைத்தான். அதையும் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கிட்டங்கி வாசலில் கூட்டம் போட்டார்கள். நானும் ஓரமாக நின்றேன்.

"கண்ணாடி உடைஞ்சா இடிச்சிருவான். உடையலைன்னா நாக்காலி வந்திரும். எங்கிட்டுப் போவ?" என்றான் ஒருவன்.

"நாக்காலிக்கு நாலு காலு இருக்குல்லா, அது ஓடட்டுமே" என்றான் இசக்கிமுத்து உள்ளேயிருந்து. "எனக்கு ரெண்டும் இல்ல."

செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் திரளத் தொடங்கியிருந்த நாள்கள் அவை.

தேவசகாயம் தொண்டையைக் கனைத்தார். "உடைக்க வேண்டாம். கீறல் போதும். இடிக்கிற அளவுக்கும் இருக்கப்பிடாது. நாக்காலி வாற அளவுக்கும் இருக்கப்பிடாது. நடுவால ஒரு கீறல்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அது சரியான யோசனை இல்லை என்று பட்டது. ஆனால் அதைவிடச் சரியான யோசனை எதுவும் தோன்றவில்லை. அதனால் வீட்டுக்குப் போய்விட்டேன்.

எஞ்சினியரும் ஸ்டோர் சாபும் சேர்ந்து வந்து கட்டடத்தை ஒப்படைக்கும் நாள் வந்தது. அன்று காலையில் சுடலையோடு போனேன். தூரத்திலேயே 'டொங் டொங்' என்று சத்தம் கேட்டது. கண்ணாடியில் கீறல் போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் உடைக்கும் கல்லால் தட்டியிருக்கிறார்கள், சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், கடைசியில் தேவசகாயம் கடையிலிருந்து கடப்பாறை வந்திருக்கிறது. ஆள் மாற்றி ஆள் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வோர் இடிக்கும் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. கண்ணாடியில் ஒரு நகக் கீறல்கூட இல்லை.

"நல்ல சரக்கு. நானே அவதிப்படுதேன்" என்றார் தேவசகாயம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. சொன்னதில் பாதி பெருமை இருந்தது.

நான் கண்ணாடியை நேரே பார்க்காமல் பக்கவாட்டில் தலையை வைத்துப் பார்த்தேன். நாம் எப்போதும் அப்படித்தான் பார்ப்போம். ஒரு பக்கச் சிமெண்டு சுவரைப் பிடித்திருந்தது. மறுபக்கச் சிமெண்டுக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி. கடப்பாறையால் இடித்ததில் உண்டானது மட்டுமில்லை அது. உள்ளே பழைய தூசியும் சிலந்தி வலையும் இருந்தன. பல நாளாகவே சுவர் கண்ணாடியை விட்டுவிட்டு வெளியே நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணாடி உடையாததால் யாரும் பார்க்கவில்லை. இப்போது கடப்பாறை வேறு.

கூடம் நிறையப் பிள்ளைகள். மேற்குச் சுவரை ஒட்டி இசக்கிமுத்துவின் கட்டில்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான். கடப்பாறையை அடுத்தவன் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தேன். நேரே போய்க் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீக?" என்று ஓடிவந்தாள் செல்லத்தாய்.

நான் அவளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு அந்த இடைவெளியைக் காண்பித்தேன். அவளுக்குப் புரியவில்லை. "கண்ணாடிதான் நல்லா இருக்கே" என்றாள்.

"கண்ணாடி நல்லாருக்கு. சுவர் போயிட்டிருக்கு" என்றேன். "கண்ணாடி சுவரப் பிடிச்சு நிறுத்தாதும்மா. நகருதான்னு காட்டும், அவ்வளவுதான்."

அவள் கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து இடைவெளிக்குள் விட்டாள். ஊசி முழுவதும் உள்ளே போயிற்று. கையை எடுத்துக்கொண்டாள். ஊசி திரும்ப வரவில்லை. உள்ளேயே எங்கேயோ விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குக் குரல் தேவைப்படவில்லை. அவளுடைய குரல் சயான் வரைக்கும் கேட்டிருக்கும்.

"எல்லாம் வெளிய ஓடுங்க! புஸ்தகத்த விடு! ஏல, கட்டிலத் தூக்குங்கல, மரம் மாதிரி நிக்கானுவ!"

பிள்ளைகள் ஓடின. கட்டிலை நாலு பேர் தூக்கினார்கள். இசக்கிமுத்து மேலேயிருந்து, "ஏட்டி, மெதுவாச் சொல்லு. சுவர் பயந்துரப் போவுது" என்றான். அவனை நாலா ஓரத்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் இரண்டு ஜீப்புகளும் வந்தன. எஞ்சினியர் இறங்கி, என்ன இவ்வளவு கூட்டம் என்று புரியாமல் நின்றார். ஸ்டோர் சாப் கையில் அளவு நாடாவோடு நேரே வாசலுக்கு வந்தார். நாற்காலிகளை எத்தனை வரிசை அடுக்கலாம் என்று அளக்க வேண்டுமாம்.

நான் வாசலில் போய் நின்றேன். இரண்டு கைகளையும் விரித்து நிலைக்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹடோ" என்று என்னை விலகச் சொன்னார் அவர்.

நகரவில்லை.

"யார் நீ? உன் பெயர் என்ன? நான் யார் தெரியுமா?" என்று இந்தியில் கத்தினார்.

மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை. "தோ மினிட், சாப்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு விரலைப் பிரித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போனால் நான் முதல் விரலை மடக்கிக்கொள்வேன். கூட்டமே வேடிக்கை பார்த்தது. எஞ்சினியர் பக்கத்தில் வந்து, "என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். தலையை மேற்குப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். களைத்த எருமை ஒன்று படுப்பதைப் போல, அவசரமே இல்லாமல், மேற்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, நடுவில் ஒருமுறை யோசித்து, அப்புறம் விழுந்தது.

தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஸ்டோர் சாப் என் விரலைப் பிடித்தபடியே இருந்தார். கூரை விழவில்லை. எங்கள் தேக்குக் கட்டைகள் தாங்கிக்கொண்டன. மற்ற மூன்று சுவரும் ஒன்றும் நடக்காததைப் போல நின்றன. யாருக்கும் அடியில்லை. இருந்த நாலு சுவரில் ஒன்று போய், கிட்டங்கி ஊரைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

முதலில் அசைந்தது தேவசகாயம்தான். கற்குவியலில் ஏறித் தோண்டினார். கல்லும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வட்டத்தைத் தூக்கிப் பிடித்து, வேட்டியால் துடைத்தார்.

"உடையல!" என்று கத்தினார்.

கூட்டம் கைதட்டியது. உண்மையிலேயே கைதட்டினார்கள். இடிந்த சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு.

செல்லத்தாய் அதை வாங்கி, கூந்தல் அவிழ்ந்து தோளில் கிடக்க, எஞ்சினியர் முன்னால் போய் நீட்டினாள். "சாப், காஞ்ச் நஹீ டூட்டா."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். விரலால் சுண்டினார். கனத்தைப் பார்த்தார். பித்தளை வளையத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"சுவர் விழுந்துவிட்டதே!" என்றார் ஸ்டோர் சாப்.

"சுவரப் பத்தி சாப் ஒண்ணும் சொல்லலியே. கண்ணாடி உடைஞ்சாத்தான் இடிப்போம்னாரு. எல்லாரும் கேட்டோம். அண்ணாச்சிதான் தமிழ்ல சொன்னாரு" என்றாள் செல்லத்தாய். பிறகு குரலை இறக்கி, வேப்பமரத்தடியைக் காட்டி, "மழ வருது சாப். அவரத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?" என்றாள். இதையெல்லாம் அவள் தமிழில்தான் சொன்னாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. எஞ்சினியர் வேப்பமரத்தடியில் இருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து அங்கிருந்தே வணக்கம் வைத்தான். எஞ்சினியர் பதிலுக்குக் கை தூக்கினார்.

உள்ளே போய் மூன்று சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என்னிடம், "கூரை நிற்குமா?" என்று கேட்டார்.

"நிக்கும், சாப்."

"இதே கல்லை வைத்து அந்தச் சுவரை எழுப்ப முடியுமா?"

"முடியும், சாப்."

"கண்ணாடி உடையவில்லை என்றால் இடிப்பதில்லை என்று நான்தான் சொன்னேன்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வதைப் போல. "கெட்டுப்போன சுவர் தானே போய்விட்டது. மிச்சம் நல்லது. கட்டு." கண்ணாடியைச் செல்லத்தாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதை இனிமேல் எந்தச் சுவரிலும் ஒட்டாதே" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டோர் சாபுக்குச் சுவரில்லாத இடம் வேண்டாம். உடைந்த நாற்காலிகளை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நாற்காலிகள் நெடுங்காலம் வேறு எங்கோ மழையில் கிடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதில் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது ஒன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த எஞ்சினியர் வேறு மாதிரி மனிதராக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாம் பழுதுபார்க்கிற கட்டடத்தை நம்மைவிட அதிகமாக நேசிக்கிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அதைக் காப்பாற்ற அவர்கள் எதையும் செய்வார்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், கையில் அகப்பட்டதைக் காப்பாற்றுவார்கள், உயிரைக் கொடுத்து. அதனால் கூச்சமாக இருந்தாலும் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசிவிட்டு வாருங்கள். அதுவும் முடியாவிட்டால், வேண்டிய நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். அதற்குப் பேச்சு வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. சுவர் இருந்த பக்கத்தில் தார்ப்பாய் கட்டினோம். இசக்கிமுத்துவின் கட்டிலைக் கிழக்கு மூலையில் போட்டார்கள். சுண்ணாம்பு லாரி சேற்றில் மாட்டிக்கொண்டு மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் முதல் வரிசைக் கல்லை வைத்துவிட்டோம்.